வானத்தைப் பார்த்துவிட்டுத் திரைக்கு வாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வானிலை அறிவியலை இணையத்தின் துணையோடு கற்பிப்பது பற்றி அண்மையில் வந்த கடிதங்களை ஒன்றாக வைத்துப் படித்தபோது, அவற்றில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி வருவதைக் கண்டேன். இணையத்தில் கிடைப்பது ஏராளம்; அதில் எதை, எந்த வரிசையில், எவ்வளவு காட்டுவது என்பதுதான் அந்தக் கவலை. ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்துச் சில கேள்விகளாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்பறையில் ஒரு ப்ரொஜெக்டரும் ஓரளவு நல்ல இணைய இணைப்பும் இருக்கின்றன. வானிலைப் பாடத்தை எந்த இணையதளத்திலிருந்து தொடங்கலாம்?

பதில்: முதல் வாரம் முழுவதும் ப்ரொஜெக்டரைப் போடவே வேண்டாம். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஐந்தே நிமிடம், பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று மூன்றே மூன்று செய்திகளைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்: வானத்தில் எத்தனை பங்கு மேகம் மூடியிருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, நிழலில் வைத்த வெப்பநிலைமானி என்ன எண் காட்டுகிறது. மேகத்தின் அளவை வானிலை ஆய்வாளர்கள் எட்டில் எத்தனை பங்கு என்றே குறிக்கிறார்கள். ஒரு வட்டத்தாளை எட்டாக மடித்து, மூடிய பங்குக்கு வண்ணம் தீட்டச் சொன்னால் பின்னப் பாடமும் கூடவே நடந்துவிடும். ஒரு பிள்ளை மூன்று பங்கு என்பாள், பக்கத்தில் நிற்பவன் ஐந்து என்பான், இருவருக்கும் வாக்குவாதம் வரும். வரட்டும், நடுவில் புகுந்து தீர்த்துவைக்காதீர்கள்; எதற்காகத் திரையைத் திறக்கப் போகிறோம் என்பதற்கான காரணம் அந்த வாக்குவாதத்தில்தான் பிறக்கிறது.

இரண்டாம் வாரத்தில், வெளியே பார்த்துவிட்டு வந்த கையோடு, ஒரு செயற்கைக்கோள் படத்தைத் திறவுங்கள். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றிவருவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் வானிலைக் கோள்களைப் பல நாடுகள் வைத்திருக்கின்றன: ஜப்பானின் ஹிமாவரி, அமெரிக்காவின் கோஸ், ஐரோப்பாவின் மீட்டியோசாட், இந்தியாவின் இன்சாட். ஹிமாவரி 10 நிமிடத்துக்கு ஒருமுறை தன் கண்ணுக்குத் தெரியும் பூமியின் முழு வட்டத்தையும் படம்பிடிக்கிறது. இவற்றின் படங்களை அந்தந்த நாட்டு வானிலைத் துறைகளின் தளங்களில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். படத்தில் முதலில் உங்கள் ஊர் இருக்கும் இடத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். கடற்கரைக் கோடோ பெரிய ஏரியோ அதற்கு அடையாளமாகும். சற்று முன் கீழேயிருந்து நாம் வயிற்றைப் பார்த்த மேகத்தின் முதுகு இது என்று சொன்னால், எட்டு வயதுப் பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

ஓர் எச்சரிக்கை மட்டும். படம் கட்புல ஒளியில் எடுத்ததா, அகச்சிவப்பில் எடுத்ததா என்று நீங்கள் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கட்புலப் படம் இரவில் கறுத்துவிடும். அகச்சிவப்புப் படம் இரவும் பகலும் கிடைக்கும்; ஆனால் அதில் தெரிவது குளிர்ச்சியின் அளவு. மேகத்தின் உச்சி எவ்வளவு உயரத்தில், எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு வெண்மையாகத் தெரியும். தரையை ஒட்டிக் கிடக்கும் படை மேகம் ஏறக்குறையத் தரையின் வெப்பநிலையிலேயே இருப்பதால் படத்தில் கண்ணுக்கே படாமல் போகலாம். என் வகுப்பில் ஒருநாள் எல்லாக் குறிப்பேடுகளிலும் எட்டுக்கு எட்டு என்றிருந்தது, திரையிலோ எங்கள் ஊருக்கு மேல் ஒன்றுமே இல்லை. ‘படம் பொய் சொல்கிறது சார்’ என்றார்கள். அது சொன்னது பொய் இல்லை, வேறொரு கேள்விக்கான பதில் என்பதைப் புரியவைக்க அன்றைய பாடவேளை முழுவதும் ஆயிற்று. அந்த ஆண்டின் நல்ல பாடங்களில் அதுவும் ஒன்று.

கேள்வி: பள்ளியில் மாட்டியிருக்கும் வெப்பநிலைமானி 34 டிகிரி காட்டுகிறது, அதே நேரத்தில் கைப்பேசிச் செயலி 31 டிகிரி என்கிறது, இன்னொரு தளம் 30 என்கிறது. எது சரி என்று பிள்ளைகள் கேட்கும்போது விழிக்க வேண்டியிருக்கிறது.

பதில்: விழிக்க வேண்டாம். வானிலைப் பாடத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த கேள்வி இதுதான், அதைப் பிள்ளைகளே கேட்டுவிட்டார்கள்.

செயலி காட்டும் ‘இப்போதைய வெப்பநிலை’ உங்கள் தெருவில் யாரோ அளந்து சொன்னது என்று பெரியவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல செயலிகளில் அது கணினி மாதிரி ஒன்று கணக்கிட்டுச் சொல்லும் மதிப்பு. வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பம், அழுத்தம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றைக் கணக்கிடுவதுதான் இந்த மாதிரிகளின் வேலை. உலகம் முழுமைக்குமான முன்னணி மாதிரிகளில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 9 முதல் 13 கிலோமீட்டர் வரை இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குள் ஒரு குளமும் ஒரு குன்றும் பள்ளியின் சிமென்ட் முற்றமும் சேர்ந்தே அடங்கிவிடும். மாதிரியைப் பொறுத்தவரை அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் எண். சில செயலிகள் அந்த எண்ணை உள்ளூர் அளவீடுகளோடு ஒப்பிட்டுத் திருத்தித் தருகின்றன, சில அப்படியே தருகின்றன. இரண்டு தளங்கள் இரண்டு வெவ்வேறு மாதிரிகளை நம்பியிருந்தால், ஒரே ஊருக்கு இரண்டு எண் வருவதில் வியப்பில்லை.

உங்கள் பள்ளி வெப்பநிலைமானிக்கும் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அது எங்கே மாட்டியிருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். வெயில் படும் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தால், அது காற்றின் வெப்பத்தைவிடச் சுவரின் வெப்பத்தையே அதிகம் சொல்லிக்கொண்டிருக்கும். வானிலை நிலையங்களில் வெப்பநிலைமானியை வெள்ளை வண்ணம் பூசிய, நாற்புறமும் சரிவுப் பலகைகள் வைத்துக் காற்றோட்டம் விட்ட ஒரு மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் வைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளரின் பெயராலேயே அது ஸ்டீவன்சன் பெட்டி எனப்படுகிறது. வெள்ளை வண்ணம் வெயிலைத் திருப்பி அனுப்புவதற்கு, சரிவுப் பலகை காற்றை மட்டும் உள்ளே விடுவதற்கு, உயரம் தரையின் சூட்டைத் தவிர்ப்பதற்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு என்பதைப் பிள்ளைகள் படத்தைப் பார்த்தே ஊகித்துச் சொல்வார்கள்.

வகுப்பில் செய்ய வேண்டியது எளிது. ஒரே வெப்பநிலைமானியை முதலில் மரநிழலில் ஆள் உயரத்தில் பத்து நிமிடம் தொங்கவிடுங்கள். பிறகு வெயில் படும் சுவரில். பிறகு சிமென்ட் தரைக்குச் சற்று மேலே. மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, நான்காவதாகச் செயலி சொல்லும் எண்ணை எழுதுங்கள். கருவி ஒன்றே, ஊர் ஒன்றே, அரைமணி நேரத்துக்குள் மூன்று எண் வந்திருக்கும். அதன்பின் அருகிலுள்ள வானிலை நிலையம் அல்லது விமான நிலையத்தின் அளவீட்டைத் திறந்து காட்டுங்கள்; அதில் அளந்த நேரமும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். அளந்த எண், கணக்கிட்ட எண் என்று கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டு, எந்த எண் எந்தப் பத்திக்குப் போகும் என்று கேட்டால், எது சரி என்ற கேள்வி தானாகவே ‘எங்கே, எப்போது, எப்படி அளந்தது?’ என்று மாறிவிடும். நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பிடிபடும்; ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு நிழல், வெயில் என்ற இரண்டு அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: ‘மழைக்கு 40 சதவீத வாய்ப்பு’ என்று செயலி சொல்வதைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது? சதவீதமே அவர்களுக்கு இன்னும் வரவில்லை.

பதில்: சதவீதத்தை விட்டுவிடுங்கள். ஒரு பையில் நான்கு நீல மணிகளும் ஆறு வெள்ளை மணிகளும் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணியை எடுத்தால் நீலம் வருமா என்று கேளுங்கள். வரலாம், வராமலும் போகலாம்; ஆனால் வெள்ளை வருவதற்கே சற்று அதிக இடமிருக்கிறது. இன்றைய நாளைப் போன்ற பத்து நாள்களில் நான்கில் மழை பெய்யும் என்பதே அந்த 40. நாளின் நாற்பது பங்கு நேரம் மழை பெய்யும் என்றோ, ஊரின் நாற்பது பங்கில் மட்டும் பெய்யும் என்றோ பொருளில்லை. பெரியவர்களிடம்தான் இந்தத் தவறான புரிதல் அதிகம் என்பது என் அனுபவம்.

பிறகு முப்பது நாள் கணக்கு வையுங்கள். காலையில் செயலி சொன்ன எண்ணை ஒரு பிள்ளை குறிக்க, மறுநாள் காலை மழைமானியைப் பார்த்து வேறொரு பிள்ளை உண்மையை அதன் எதிரே குறிக்கட்டும். மழைமானிக்கு மேலும் கீழும் ஒரே அகலமுள்ள, அடி தட்டையான ஒரு கண்ணாடிக் குவளையும் அளவுகோலும் போதும். வாய் அகன்று அடி குறுகிய பாத்திரம் வைத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். மாத முடிவில் 40 என்று சொன்ன நாள்களை மட்டும் தனியே எண்ணிப் பாருங்கள். முப்பது நாளில் அப்படிப்பட்ட நாள்கள் நான்கோ ஐந்தோதான் தேறும். கணக்கு ஒத்துவராமல் போனாலும் போகும். அப்படிப் போனால் பள்ளி ஆண்டு முழுவதும் தொடருங்கள்.

ஆசிரியராகிய உங்கள் மன நிறைவுக்கு ஒன்று. முன்னறிவிப்பு ஏன் வாய்ப்பாகவே சொல்லப்படுகிறது என்பதற்குப் பின்னால் 1961இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை அறிஞர் கணினியில் ஓட்டிய கணக்கு ஒன்றைப் பாதியிலிருந்து மீண்டும் ஓட்ட நினைத்து, 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் தாளில் அச்சாகியிருந்த 0.506ஐ உள்ளிட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது முதலில் ஒட்டியே சென்ற இரண்டு கணக்குகளும் போகப்போக அடையாளமே தெரியாமல் பிரிந்திருந்தன. தொடக்க அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிசகு இவ்வளவு வளர்கிறது என்றால், இரண்டு வாரத்துக்கு அப்பால் குறிப்பிட்ட நாளின் மழையைச் சொல்லும் செயலியை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கேள்வி: காற்று ஓடுவதை வண்ணக் கோடுகளாகக் காட்டும் நிலப்படங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. ஆனால் காற்றின் திசையில் மட்டும் தொடர்ந்து குழப்பம் வருகிறது.

பதில்: எர்த் நல்ஸ்கூல், விண்டி போன்ற தளங்களைச் சொல்கிறீர்கள். எனக்கும் பிடித்தவைதான், பாடம் முடிந்த பிறகும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததுண்டு. திசைக் குழப்பத்துக்குக் காரணம், வானிலையில் காற்றுக்குப் பெயர் அது புறப்பட்டு வரும் திசையால் வைக்கப்படுகிறது, நிலப்படத்தில் ஓடும் கோடோ அது போய்ச் சேரும் திசையைக் காட்டுகிறது. தமிழ் இதை எப்போதோ தீர்த்து வைத்திருக்கிறது: கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல். இந்த நான்கு பெயரையும் வகுப்பறையின் நான்கு சுவர்களில் எழுதி ஒட்டிவிட்டு, திரையில் ஓடும் கோட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகச் சொல்லுங்கள். எந்தச் சுவரில் முட்டுகிறதோ அதுதான் காற்றின் பெயர். இரண்டே நாளில் குழப்பம் போய்விடும்.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில. அந்த ஓட்டம் கேமராவில் எடுத்த காட்சி என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். அது மாதிரியின் கணக்கை வரைந்து காட்டும் படம் என்பதைச் சொல்லியாக வேண்டும். எந்த உயரத்துக் காற்று என்பதையும் பாருங்கள். உயரத்தை மாற்றும் வசதி இத்தளங்களில் இருப்பதால், தரைக்காற்று என்று நினைத்து விமானங்கள் பறக்கும் உயரத்துக் காற்றைக் காட்டிவிட நேரும். வேகம் ‘நாட்’ (knot) என்ற அலகில் இருந்தால் கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். அலகைக் கவனிக்காமல் இரண்டு தளங்களை ஒப்பிட்டு, இன்று இங்கே புயல், அங்கே தென்றல் என்று ஒரு குழு அறிக்கை எழுதித் தந்ததுண்டு.

ஐந்தாம் வகுப்பாக இருந்தால் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு சுழலையும் தெற்கே ஒரு சுழலையும் தேடச் சொல்லுங்கள். தாழ்வழுத்தத்தைச் சுற்றி வடக்கே கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையிலும் தெற்கே கடிகார முள்ளின் திசையிலும் காற்று சுழல்வதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பூமி சுழல்வதால் இப்படி நேர்கிறது என்ற ஒரு வரி போதும். குளியலறைத் தொட்டி நீரும் இப்படித்தான் அரைக்கோளத்துக்கு அரைக்கோளம் மாறிச் சுழலும் என்று இணையத்தில் உலவும் கதையை மட்டும் வகுப்புக்குள் விட்டுவிடாதீர்கள். அவ்வளவு சிறிய நீர்ப்பரப்பில் பூமிச் சுழற்சியின் விளைவு மிகமிகச் சிறியது. தொட்டியின் வடிவமும் நீரை ஊற்றிய விதமுமே அதன் திசையை முடிவு செய்கின்றன.

கேள்வி: குழந்தைகளுக்கான தளங்களிலேயே தவறுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அந்தத் தளம் மழைத்துளியை எப்படி வரைந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். உச்சி கூர்ந்து அடி பருத்த கண்ணீர்த்துளியாக வரைந்திருந்தால், மற்றவற்றையும் சரிபார்த்துக்கொண்டே படிக்க வேண்டும் என்று பொருள். சிறிய மழைத்துளி உருண்டையாகவே விழுகிறது. பெரிய துளி, கீழிருந்து காற்று தள்ளுவதால் அடி தட்டையாகி, மேல்புறம் மட்டும் வளைந்த பன் ரொட்டி போல விழுகிறது. மேலும் பெருத்தால் உடைந்துவிடுகிறது. நல்ல தளங்களில்கூட சின்ன அடையாளக் குறிக்கு கண்ணீர்த்துளியைப் போடுவதுண்டு. அதை மன்னித்துவிடலாம், விளக்கப் படத்தில் போட்டால் மன்னிக்க முடியாது.

அடுத்த பிழை, மேகம் என்பது நீராவி என்பது. நீராவி கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் மேகம் நுண்ணிய நீர்த்துளிகளாலோ பனிப் படிகங்களாலோ ஆனது. கெட்டிலில் நீர் கொதிக்கும்போது அதன் மூக்கை ஒட்டிச் சிறிது இடம் வெறுமையாகத் தெரிவதையும், அதைத் தாண்டித்தான் வெண்புகை போன்றது தொடங்குவதையும் தொலைவில் நிறுத்திக் காட்டுங்கள். வெறுமையாகத் தெரியும் அந்த இடத்தில்தான் நீராவி இருக்கிறது. கொதிநீரை நீங்களே கையாளுங்கள், அல்லது இதை மட்டும் காணொளியில் காட்டுங்கள். மேகம் பஞ்சு போல எடையற்றது என்பது மூன்றாவது பிழை. பக்கத்துக்கு ஒரு கிலோமீட்டர் உள்ள சிறு திரள் மேகத்தில், கன மீட்டருக்கு அரை கிராம் நீர் என்று வைத்தாலும் 500 டன் நீர் இருக்கும். அப்படியானால் அது ஏன் விழவில்லை என்று யாராவது கேட்பார்கள். துளி ஒவ்வொன்றும் மிக நுண்ணியதாகையால் மெல்லவே இறங்குகிறது, மேலெழும் காற்று அதைத் தாங்கிக்கொள்கிறது.

கோடையில் பூமி சூரியனுக்கு அருகே போவதாகச் சொல்லும் தளத்தை அப்போதே மூடிவிடலாம். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது சனவரித் தொடக்கத்தில். அப்போது பூமியின் வடபாதியில் குளிர்காலம். பருவங்கள் வருவது பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால்.

கேள்வி: எங்கள் பள்ளியில் இணையம் வரும், போகும். என்னுடைய கைப்பேசி ஒன்றுதான் கருவி. இந்தப் பாடம் எங்களுக்குச் சாத்தியமா?

பதில்: சாத்தியம், நேரலையாகவே காட்ட வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட வேண்டும். முந்தைய நாளின் செயற்கைக்கோள் படங்களை ஒரு மணி நேர இடைவெளியில் பன்னிரண்டு எடுத்துச் சேமியுங்கள்; அச்சிட்டு, ஓரத்தில் தைத்து, விரலால் சரசரவென்று புரட்டினால் மேகம் நகரும். கைப்பேசித் திரையை முப்பது பேர் எட்டிப் பார்ப்பதைவிட இது மேலானது என்றே சொல்வேன், ஏனென்றால் பிள்ளை தன் கையாலேயே நேரத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிறது.

படத்தின் மூலையில் இருக்கும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம் (UTC), நம் ஊர் நேரம் இல்லை என்பதை மறக்க வேண்டாம். நான் ஒருமுறை 06:00 என்றிருந்த படத்தைக் காலை ஆறு மணிப் படம் என்று சொல்லிவிட, ‘ஆறு மணிக்கு இருட்டாகத்தானே இருந்தது, படத்தில் இவ்வளவு வெளிச்சம் எப்படி?’ என்று ஒரு சிறுமி எழுந்து கேட்டாள். பாடக்குறிப்பை மூடி வைத்துவிட்டு, பூமி உருண்டையையும் டார்ச் விளக்கையும் எடுக்க வேண்டியதாயிற்று.

இணையம் கிடைக்கும் நாளில் செய்ய இன்னொன்று இருக்கிறது. நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் 2000ஆம் ஆண்டு முதலான நாள்வாரிப் படங்கள் சேமிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த நாளன்று ஊருக்கு மேல் மேகம் இருந்ததா என்று தேடிப் பாருங்கள். சில நாள்களில் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கறுப்பு இடைவெளிகள் தெரியும். அந்தப் படங்களை எடுக்கும் கோள்களில் சில ஏறத்தாழ 700 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றுவதால், அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே அங்கே சிறிது இடம் விட்டுப்போகிறது. தம் பிறந்த நாள் அந்தக் கறுப்புக்குள் விழுந்துவிட்டால் பிள்ளைகள் மிகவும் வருந்துவார்கள். மறுநாள் படத்தைக் காட்டிச் சமாதானப்படுத்துங்கள்.

கேள்வி: புயல் காணொளிகளைப் பார்த்ததிலிருந்து என் ஏழு வயது மகன் இடி இடித்தாலே அழுகிறான். வானிலையை இணையத்தில் காட்டியதே தவறோ என்று தோன்றுகிறது.

பதில்: காட்டியது தவறில்லை, காணொளியை அவனிடம் தனியே விட்டதுதான் சிக்கல். ஒன்றைப் பார்த்து முடித்ததும் அதைவிடப் பயங்கரமான இன்னொன்றைத் தளம் தானாகவே ஓட்டத் தொடங்கிவிடும். தானாக ஓடும் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். இணையத்தில் புயலின் பெயரால் சுற்றும் படங்களில் பல, வேறு ஆண்டில் வேறு நாட்டில் எடுத்தவை, அல்லது கணினியில் செய்தவை. அப்படி ஒரு படத்தைத் தலைகீழ்ப் படத்தேடலில் (சொல்லுக்குப் பதில் படத்தையே கொடுத்துத் தேடும் வசதி) போட்டு அது முதலில் எப்போது வெளிவந்தது என்று அவனோடு சேர்ந்து பாருங்கள். பயம் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

இடி கேட்கும்போது செய்வதற்கு அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். வீட்டுக்குள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தபடி, மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்பது கிடைக்கும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி எடுக்கிறது. வெளியே நின்று எண்ணுவது கூடாது; இடி காதில் விழும் தொலைவில் இருந்தாலே மின்னலுக்கும் எட்டும் தொலைவில் இருக்கிறோம், கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரமாவது உள்ளேயே இருக்க வேண்டும். ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என்று எண்கள் ஏறிக்கொண்டே போவதை அவனே தாளில் எழுதும்போது, மழைமேகம் விலகிப் போகிறது என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்வான்.

கேள்வி: பிள்ளைகள் எடுத்த குறிப்புகளை உண்மையான அறிவியலாளர்களுக்கு அனுப்ப முடியுமா?

பதில்: முடியும். 1995இல் தொடங்கிய குளோப் என்ற பன்னாட்டுக் கல்வித் திட்டத்தில் உங்கள் நாடு சேர்ந்திருந்தால், மேகத்தின் வகையையும் அளவையும் குறித்து அனுப்பலாம். செயற்கைக்கோள் உங்கள் ஊரைக் கடக்கும் நேரத்தை ஒட்டி அனுப்பினால், அதே வானத்தைக் கோள் எப்படிக் கண்டது என்ற ஒப்பீடும் திரும்பி வரும். முன்னே சொன்ன படை மேகம் போன்றவற்றில் கோள் ஏமாறும் இடங்களை அறியத் தரைக் குறிப்புகள் அவர்களுக்கு உண்மையாகவே தேவைப்படுகின்றன. பதிவு செய்வது உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். பிள்ளைகளின் பெயரோ முகமோ எங்கும் போக வேண்டாம், வானத்தைப் படமெடுக்கும்போது மூலையில் யாராவது நிற்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘நாம் அனுப்புவதையெல்லாம் மதிப்பார்களா?’ என்று பிள்ளைகள் கேட்டால் லூக் ஹோவர்டைப் பற்றிச் சொல்லலாம். 1802இல் லண்டனில் சிறு குழு ஒன்றின் முன் மேகங்களை வகைப்படுத்திப் பேசிய அவர் மருந்து தயாரிக்கும் தொழில் செய்தவர். கீற்று, திரள், படை என்று நாம் தமிழில் சொல்லும் வகைப்பாட்டுக்கு அவர் வைத்த லத்தீன் பெயர்களே அடிப்படை. உலக வானிலை அமைப்பு 2017இல் இணையத்தில் வெளியிட்ட பன்னாட்டு மேக அட்டவணையும் அந்தப் பெயர்களிலேயே நிற்கிறது. அதன் படங்களை வகுப்பில் திறந்துவைத்து, இன்று பார்த்த மேகத்துக்குப் பொருந்துவதைத் தேடச் சொல்லலாம்.

கேள்வி: இதற்கெல்லாம் தேர்வு வைப்பது எப்படி? இணையத்தில் கிடைக்கும் வினாடி வினாக்கள் போதுமா?

பதில்: மேகப் பெயர்களை நினைவில் நிறுத்த அவை போதும், அதற்குமேல் உதவா. நான் வைக்கும் தேர்வு ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைகளின் குறிப்பேடுகளிலிருந்து மூன்று நாள்களுக்கான பக்கங்களைத் தேதியை மறைத்து நகலெடுத்து, அந்த மூன்றில் ஒரு நாளின் செயற்கைக்கோள் படத்தையும் கூடவே கொடுத்து, எந்தப் பக்கத்துக்கு உரிய படம் இது, எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பேன். போன முறை இரண்டு பக்கங்களில் மேகம் எட்டுக்கு ஆறு என்றே இருந்துவிட்டது. நான் அதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். பாதி வகுப்பு ஒரு பக்கத்தையும் மீதிப் பாதி மற்றதையும் எழுத, கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும் எதுவும் எழுதாமல் கையைத் தூக்கி, ‘இதுக்கு அடுத்த மணி நேரத்துப் படமும் வேணும் சார்’ என்றான். ஏன் என்றேன். ஒரு பக்கத்தில் மேகம் கிழக்கே போகிறது என்றும் இன்னொன்றில் வடக்கே போகிறது என்றும் எழுதியிருப்பதாகவும், ஒற்றைப் படத்தில் நகர்வு தெரியாது என்றும் சொன்னான். கைப்பேசியில் தேடி எடுத்துக் கொடுத்தேன்.